சக்கரத்தில் ஒட்டிய சேறு

 

கனடா போன்ற குளிர் நாடுகளில் பணிபுரியும் நம் பிள்ளைகள் பனிக்காலத்துத் தொல்லை ஒன்றைச் சொல்வதுண்டு. இரவெல்லாம் நின்ற காரைக் காலையில் எடுத்து வேகம் கூட்டியதும் ஸ்டியரிங் நடுநடுங்கும். எஞ்சினில் கோளாறு இராது. முந்தின நாள் சக்கரத்தின் உட்குழிவில் புகுந்த பனி, இரவில் ஒருபுறமாக உறைந்து இறுகியிருக்கும். அதை அகற்றினால் நடுக்கம் நின்றுவிடும்.

நமக்கேது பனி என்று எண்ண வேண்டாம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதிச் சாலைகளில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அதே வேலையைச் சேறு செய்கிறது. ஏரிகளும் வயல்களும் நிறைந்த பூமி அது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிஸான் ஆலை திறக்கப்பட்டது. 2015 டிசம்பர் பெருமழையில் இத்தகைய பெரிய ஆலைகளே சில நாட்கள் உற்பத்தியை நிறுத்த நேர்ந்தது. சாதாரண மழைக்கும்கூட, கட்டுமான நிலங்களின் களிமண் லாரிச் சக்கரங்களோடு தார்ச்சாலைக்கு வந்துவிடுகிறது.

அந்தச் சேறு காரின் சக்கரத்தினுள் புகுந்து, வண்டி நிற்கும்போது அடிப்பக்கம் வழிந்து, காய்ந்து கட்டியாகிவிடும். சக்கரத்தின் ஒருபுறம் மட்டும் கனத்துவிடும். 100 கிராம் சேறுதானே என்று அலட்சியம் செய்யலாகாது. 80 கிலோமீட்டர் வேகத்தில் காரின் சக்கரம் நொடிக்குப் பன்னிரண்டு முறை அளவில் சுழல்கிறது. அப்போது அந்த 100 கிராம், ஏறத்தாழ 11 கிலோ எடைக்கு ஈடான விசையோடு சக்கரத்தை வெளிப்புறமாக இழுக்கும். வேகம் பாதியானால் இழுப்பு நான்கில் ஒன்றாகிவிடும். மெதுவாகச் செல்லும்போது தெரியாத நடுக்கம் நெடுஞ்சாலையில் வெளிப்படுவது இதனால்தான்.

பரிகாரம் எளிது. சேறு காயுமுன், சக்கரத்தின் உட்புறத்தில் நீரைப் பீய்ச்சிக் கழுவிவிட வேண்டும். நெடுந்தூரம் ஓடிச் சூடேறியிருந்தால் சற்று ஆறவிட வேண்டும். காய்ந்துவிட்டால் ஊறவைத்து மரக்குச்சியால் அகற்றலாம். இரும்புக் கம்பியால் குடைந்தால், சமநிலைக்காகப் பொருத்தியுள்ள சிறு எடைத்துண்டுகள் பெயர்ந்துவிடக்கூடும். சேற்றோடு பேலன்ஸ் பார்ப்பதும் வீண். சேறு உதிர்ந்ததும் மறுபடி நடுங்கும். கழுவிய பின்னும் நடுக்கம் நீடித்தால் டயரையும் சக்கர நட்டுகளையும் மெக்கானிக்கிடம் காட்டுவது அவசியம். தேங்கிய நீரைக் கடந்ததும், மெதுவாகச் செல்லும்போதே பிரேக்கை ஓரிரு முறை இலேசாக அழுத்தி உலர்த்திக் கொள்ள வேண்டும்.

இதுவரை சொன்னது நம்மைக் காத்துக்கொள்ளும் வழி. பிறரைக் காப்பது இதனினும் பெரிது. லாரி உதிர்த்துச் சென்ற களிமண்ணில் வழுக்கி விழுபவர், இரவு ஷிப்ட் முடித்து இருசக்கர வண்டியில் வீடு திரும்பும் தொழிலாளி. லாரியின் இரட்டை டயர்களுக்கிடையே சிக்கிய கல் தெறித்தால், பின்னால் வருபவரின் கண்ணே போய்விடலாம். அவருக்காகவும் ஒரு வீட்டில் பிள்ளைகள் காத்திருப்பார்கள். லாரி வைத்திருப்போரும் ஓட்டுவோரும் மண் ஏற்றிய இடத்திலேயே டயர்களைப் பார்த்துக் கழுவிவிட்டுப் புறப்பட்டால் பத்து நிமிடம் தாமதமாகும், அவ்வளவே.

பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். பிறர் போட்ட முள்ளை எடுத்தெறிவதே நன்மையென்றால், நம் சக்கரத்துச் சேற்றைப் பிறர் பாதையில் போடாதிருப்பது எத்துணைக் கடமை! பயண துஆவை மறவாமல் ஓதுகிறோம். ஓதும் முன் ஒரு தடவை குனிந்து சக்கரத்தையும் பார்ப்போமாக!

வல்ல ரஹ்மான் நம் பயணங்களையும், நம்மோடு சாலையில் செல்வோரின் பயணங்களையும் பாதுகாப்பானாக! ஆமீன்.