இரவற் பெயரும் இரத்தப் பெருமையும்

ஆங்கிலம் கற்ற நம் அன்பர்களிற் சிலர்க்கு ஒரு விந்தையான பழக்கம் உண்டு. நம்மவர் குலப்பெருமை பேசினால் முகஞ் சுளிப்பார்கள், பகுத்தறிவை எடுத்தோதுவார்கள். ஆனால் இங்கிலாந்துப் பிரபு ஒருவரின் பெயர் காதில் விழுந்துவிட்டாலோ, "ஆயிரம் ஆண்டாக வழிவழி வந்த நார்மன் இரத்தமல்லவா!" என்று கைகட்டி நிற்பார்கள். அவர்கள் நாவில் அடிக்கடி நடமாடும் பெயர் பெர்ஸி என்பது. நான்காம் ஹென்றி நாடகத்தில் ஷேக்ஸ்பியர் படைத்துக்காட்டிய 'ஹாட்ஸ்பர்' என்னும் ஹென்றி பெர்ஸியைப் பள்ளியில் படித்த நாள் முதலாகப் பிடித்த மயக்கம் அது. அப்பெயரை இன்று உரைகல்லில் வைத்து உரைத்துப் பார்ப்போம். பொன்னா, பித்தளையா என்பது வெளிப்பட்டுவிடும்.

முதலாவது, பெயரின் பிறப்பு. 1093-ம் ஆண்டில் ஸ்காத்லாந்து அரசன் மூன்றாம் மால்கம் ஆல்னிக் கோட்டையருகே கொல்லப்பட்டான். அவன் கண்ணை ஈட்டியாற் குத்திய வீரனுக்கு ஆங்கிலத்தில் 'கண் துளைத்தோன்' எனப் பட்டம் கிடைத்ததென்றும், அதுவே பெர்ஸி என மருவிற்றென்றும் ஒரு கதை வழங்குகிறது. கதை நன்றாய்த்தான் இருக்கிறது! ஆனால் 1086-ம் ஆண்டில் எடுக்கப்பட்ட நிலக்கணக்காகிய டூம்ஸ்டே ஏட்டிலேயே வில்லியம் த பெர்ஸி என்ற பெயர் காணப்படுகிறதே! ஏழாண்டு கழித்துக் குத்திய கண்ணுக்கு ஏழாண்டு முன்னரே பட்டம் கிடைத்ததோ? மேலும் ஆல்னிக் கோட்டை அக்குடும்பத்தார் கைக்கு வந்தது 1309-ம் ஆண்டில். அதுவும் வாளால் வென்றதன்று, டர்ஹாம் பிஷப்பிடம் விலைகொடுத்து வாங்கியது.

உண்மை மிக எளியது. பெர்ஸி என்பது நார்மண்டியில் உள்ள ஓர் ஊரின் பெயர். அப்பெயருள்ள ஊர்கள் அங்கே இரண்டு உண்டு. இரண்டில் எது மூல ஊர் என்பதில் அறிஞர் வேறுபடுகின்றனர். ரோமர் ஆண்ட காலத்தில் பெர்ஸியஸ் என்ற ஒருவனுக்குச் சொந்தமாயிருந்த நிலமே அப்பெயர் பெற்றதென்று ஊர்ப்பெயர் ஆராய்வோர் கூறுவர். ஆகவே, 'வில்லியம் த பெர்ஸி' என்றால் 'பெர்ஸி ஊர் வில்லியம்' என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. ஊர்ப்பெயர் சொன்னவன் தெய்வப்பிறவியாகிவிடுவானா?

இந்த வில்லியம் 1067-ம் ஆண்டில் இங்கிலாந்துக்கு வந்தவன் என்பது வழக்கு. 1069-ம் ஆண்டு மாரிக்காலத்தில் நார்மன் அரசன் வடநாட்டைச் சூறையாடினான். வீடுகள் எரிந்தன, தானியம் எரிந்தது, குடிகள் பசியால் மடிந்தனர். அதன்பின் எடுத்த கணக்கிலே யார்க்ஷயரில் பல கிராமங்கள் பாழ் என்றே குறிக்கப்பட்டன. அந்த யார்க்ஷயரில் விரிந்த நிலங்களுக்கு உடையவனாக அதே கணக்கில் நிற்பவன் நம் வில்லியம். ஊரார் இழந்த நிலம் ஒருவனுக்கு உடைமையாயிற்று. பெருமையின் அடிக்கல் இதுதான்.

போகட்டும், இரத்தமாவது தொடர்ந்ததா? அதுவும் இல்லை. நூறாண்டு சற்றே கடந்ததும், 1175-ம் ஆண்டளவில், ஆண்வழி அற்றுப்போயிற்று. எஞ்சிய மகளிருள் ஆக்னஸ் என்பவள், லூவேன் நாட்டு ஜோஸ்லின் என்பவனை மணந்தாள். அவர்கள் வழியினர் தாயின் பெயரைச் சூட்டிக்கொண்டனர். ஹாட்ஸ்பர் முதலிய பேர்போன பெர்ஸிகள் எல்லாரும் தந்தை வழியில் லூவேன் நாட்டார், நார்மன் அல்லர்!

மறுபடியும் 1670-ம் ஆண்டில் பதினோராவது ஏர்ல் இறந்தார். எஞ்சியவள் எலிசபெத் என்னும் மூன்று வயதுச் சிறுமி. பன்னிரண்டு வயதில் அவளுக்கு முதல் மணம். அடுத்த ஆண்டே கணவன் இறந்தான். இரண்டாம் கணவன் 1682-ல் இலண்டன் வீதியில் சுட்டுக் கொல்லப்பட்டான். அவ்வாண்டிலேயே சாமர்செட் டியூக்குக்கு மூன்றாம் மணம். அப்போது அவளுக்கு வயது பதினைந்து! அவளை மணந்தார்களா, அவள் நிலத்தை மணந்தார்களா? வாசகர்களே சொல்லுங்கள்.

"பெண்வழியிலும் இரத்தம் ஓடுமே" என்று மறுக்கலாம். நன்று, நாமும் ஒப்புகிறோம். அப்படியாயின் அச்சிறுமிக்கு ஏர்ல் பட்டம் ஏன் கிடைக்கவில்லை? பட்டத்திற்குப் பெண் ஆகாள். நிலத்தைச் சுமந்து செல்ல மட்டும் பெண் ஆவாள். இந்த நியாயத்திற்குப் பெயர்தான் குலதர்மம்!

அக்காலத்தில் ஜேம்ஸ் பெர்ஸி என்ற பெட்டி செய்யும் தொழிலாளி, தாமே உரிய வாரிசு என்று வழக்காடினார். 1689-ல் பிரபுக்கள் சபை அவரைப் பொய்யர் எனத் தீர்த்தது. அக்குற்றத்தை எழுதிய தாளை அணிந்து வெஸ்ட்மின்ஸ்டர் நீதிமன்றங்களைச் சுற்றிவருமாறு பணித்தது. அவர் சொன்னது பொய்யாகவே இருக்கட்டும். ஆனால் 1750-ல் நடந்தது என்ன? எலிசபெத்தின் பேத்தியை மணந்த ஹியூ ஸ்மித்ஸன், பெர்ஸி குடியிற் பிறவாதவர், பார்லிமெண்டுச் சட்டத்தால் பெர்ஸி ஆனார். 1766-ல் டியூக்கும் ஆனார். பெட்டித் தொழிலாளி பெயரைக் கேட்டால் அவமானம். நிலமுள்ள மனைவியுடையவர் கேட்டால் சட்டம்! இன்றும் ஆல்னிக்கில் வாழும் டியூக் குடும்பத்தார் தந்தை வழியில் இந்த ஸ்மித்ஸனின் சந்ததியாரே.

அந்த டியூக்குக்கு மணவாழ்க்கைக்குப் புறம்பே பிறந்த மகன் ஒருவர் உண்டு. ஜேம்ஸ் ஸ்மித்ஸன் என்பவர். பெர்ஸி என்ற பெயரும் இல்லை, பட்டமும் இல்லை. அவர் இரசாயனம் பயின்றார்; கனிப்பொருள்களை ஆராய்ந்தார். 1829-ல் இறந்தபோது அவர் எழுதிவைத்த மரண சாசனத்தின்படி, வாரிசற்றுப்போன செல்வம் முழுதும், அவர் கண்ணாலும் கண்டிராத அமெரிக்காவுக்கு, அறிவை வளர்க்கவும் பரப்பவும் சென்றது. 1846-ல் வாஷிங்டனில் எழுந்த ஸ்மித்ஸோனியன் நிலையம் அதுவே.

வென்றும், மணந்தும், சட்டம் இயற்றியும் பெற்ற பெயர் ஒரு கோட்டைக்குள் இருக்கிறது. மறுக்கப்பட்டவர் விட்டுச்சென்ற பெயரோ, கற்க வரும் எவர்க்கும் கதவு திறந்து நிற்கிறது. இனியேனும் பிறர் குலப்பெயருக்குக் கைகட்டுமுன், அன்பர்களே, அப்பெயர் உலகுக்குச் செய்தது என்ன என்று கேளுங்கள். உங்கள் குலப்பெயருக்கும் அதே கேள்வியைக் கேளுங்கள்.