மூடி திறக்காத கடிகாரம்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

சட்டைப் பையில் கைப்பேசி இருக்கும்போது மணிக்கட்டில் கடிகாரம் எதற்கு என்று கேட்கும் நண்பர்கள் நம் கல்லூரியில் பலர் உண்டு. கேள்வி நியாயமானதுதான். ஆனால் அப்படிக் கேட்பவர்களே பருவத் தேர்வன்று கைப்பேசியை வெளியே வைத்துவிட்டு வந்து, இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறதோ என்று அறைக் கண்காணிப்பாளரின் மணிக்கட்டை எட்டி எட்டிப் பார்ப்பதையும் நான் கண்டிருக்கிறேன். காலை ஐந்தரை மணிக்கு நம் மைதானத்துக்கு வந்து பாருங்கள். காவலர் தேர்வுக்காக நம் மாணவர்கள் ஓடிப் பழகுகிறார்கள். 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு ஓடுபவனுக்கு ஒரு கை குறைவு. அது விழுந்து உடைந்தால் ஒரு மாதச் சாப்பாடு குறைவு.

ஸ்மார்ட் வாட்ச் இருக்கிறதே என்பீர்கள். தேர்வுக் கூடம் அதனை உள்ளே விடாது. மேலும், விடுதி அறையில் இருக்கும் ஒரே பிளக்குக்கு நான்கு பேர் போட்டியிடும் நிலையில், நாள்தோறும் அதற்கும் மின்சாரம் ஊட்டுவது யார்?

ஆகவே மாணவனுக்கு வேண்டியது அடியும் தண்ணீரும் தாங்கும் விளையாட்டுக் கைக்கடிகாரம். அதிலும் ஒளியால் இயங்குவது, உள்ளதில் மிக எளியது எதுவோ அதனையே வாங்க வேண்டும் என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

ஒரு கடிகாரத்துக்கு இவ்வளவு ஆராய்ச்சியா என்று பேராசிரியப் பெருமக்கள் புன்னகைக்கலாம். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா கொத்தனார். எங்களைப் போன்ற வீடுகளில் ஒரு பொருளை வாங்கினால் அது உழைக்க வேண்டும். 'அடுத்த வருடம் வேறு வாங்கிக்கொள்ளலாம்' என்ற பேச்சுக்கு இடமில்லை. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்கு வரும் மாணவியருக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-லும், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-லும் தொடங்கப்பட்டன. நல்லதொரு ஒளிக்கடிகாரத்தின் விலை அத்தொகையில் நான்கைந்து மாதத்துக்கு ஈடாகும். நான்கைந்து மாதத்துப் பணத்தைக் கையில் கட்டிக்கொள்கிறவன், இது எத்தனை ஆண்டு வரும் என்று கேட்காமல் இருக்க முடியுமா?

பலரும் விலைக்கேற்பக் கடிகாரம் சரியாக ஓடும் என்று எண்ணுகிறார்கள். இயற்பியல் வேறு விதமாகச் சொல்கிறது. இன்றைய கடிகாரங்களில் பெரும்பாலானவற்றின் உள்ளே இருப்பது ஒரே வகைக் குவார்ட்ஸ் படிகம். அது நொடிக்கு 32,768 தடவை அதிர்கிறது. அந்த எண் இரண்டின் பதினைந்தாம் அடுக்கு. பதினைந்து முறை பாதியாக்கினால் நொடிக்கு ஒரு துடிப்பு கிடைத்துவிடும். சில நூறு ரூபாய்க் கடிகாரமும் சில ஆயிரம் ரூபாய்க் கடிகாரமும் மாதத்துக்குச் சுமார் 15 நொடி முன்பின்னாகவே ஓடும். ஆண்டுக்கு மூன்று நிமிடம். நம் முதல் மணி அடிப்பதில் உள்ள வேறுபாட்டை விட இது குறைவுதான்! 1969 டிசம்பர் 25 அன்று ஜப்பானில் சீக்கோ நிறுவனம் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது அதன் விலை ஒரு சிறிய காரின் விலையை ஒத்திருந்தது. இன்று அத்துல்லியம் ஏறக்குறைய இலவசம். அதிகப் பணம் கொடுப்பதானால் கூட்டுக்கும் மூடிக்கும் வாருக்கும் கொடுக்க வேண்டும்.

இங்கேதான் நான் அழுத்திச் சொல்ல விரும்பும் செய்தி இருக்கிறது. நம் ஊரில் குவார்ட்ஸ் கடிகாரம் எப்படிச் சாகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? பெரும்பாலும் படிகமும் சுற்றும் நன்றாகவே இருக்கும். இரண்டு மூன்று ஆண்டில் பேட்டரி தீரும். கடைத்தெருவுக்குக் கொண்டுபோவோம். கடைக்காரர் பின்மூடியைக் கத்தி முனையால் நெம்புவார். பழைய செல்லை எடுத்துப் புதியதை வைப்பார். கட்டை விரலால் மூடியை அழுத்துவார். ஐந்து நிமிட வேலை. மூடிக்கும் கூட்டுக்கும் நடுவே மயிரிழை போன்ற ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. தண்ணீரைத் தடுப்பது அது ஒன்றுதான். அது நசுங்கியிருந்தாலும், முறுக்கிக்கொண்டிருந்தாலும், ஒரு தூசி அதன் மேல் படிந்திருந்தாலும் தண்ணீர் காப்பு போயிற்று. மாற்று வளையம் எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை. அழுத்தச் சோதனை செய்யும் கருவியை எங்கள் ஊர்க் கடை எதிலும் நான் பார்த்ததில்லை. ஐப்பசி மழையில் ஒரு நாள் நனைந்ததும் கண்ணாடியின் உட்புறம் ஆவி பூக்கும். பிறகு எண்கள் மங்கும். அப்புறம் அது மேசை இழுப்பறைக்குப் போய்விடும். அப்பாவின் இரண்டு கடிகாரங்கள் இப்படியே போயின. சிமெண்டுத் தூசியும் வியர்வையுமாக இருக்கும் அவர் கையில் அவை அதுவரை நன்றாகத்தான் ஓடின.

ஆக, பேட்டரியின் விலை பெரிதன்று. பேட்டரிக்காக மூடியைத் திறக்க நேர்வதே கேடு. ஒளியால் இயங்கும் கடிகாரத்தைப் பல ஆண்டுகளுக்குத் திறக்க வேண்டிய தேவை இல்லை. சூரியசக்தி, சுற்றுச்சூழல் என்று விளம்பரங்கள் எதை எதையோ சொல்லட்டும். தொழிற்சாலையில் பொருத்திய ரப்பர் வளையம் பொருத்தியபடியே கிடக்கிறது என்பதுதான் எனக்கு அதில் பெரிய லாபமாகத் தெரிகிறது.

இது எவ்வாறு வேலை செய்கிறது? முகப்பிலோ அதன் விளிம்பிலோ மெல்லிய சிலிக்கான் ஒளிமின்கலம் இருக்கும். அது தரும் சிறு மின்னோட்டம், திரும்பத் திரும்ப மின்னேற்றக்கூடிய ஒரு செல்லில் சேமிக்கப்படுகிறது. கருத்து பழையது. 1976-லேயே ஜப்பானின் சிட்டிசன் நிறுவனம் ஒளியால் ஓடும் முள் கடிகாரத்தை வெளியிட்டது. அதன் முகப்பில் மின்கலங்கள் வெளிப்படையாகவே தெரிந்தன. எவ்வளவு வெயில் வேண்டும் என்று அஞ்ச வேண்டாம். கேசியோவின் இவ்வகைக் கடிகாரம் ஒன்றின் கையேட்டில் ஒரு நாள் ஓட்டத்துக்கு வேண்டிய ஒளி கணக்கிட்டுத் தரப்பட்டுள்ளது: வெட்டவெளி வெயிலில் 8 நிமிடம், சன்னல் வழியே வரும் வெயிலில் 30 நிமிடம், மேகமூட்டமான நாளில் சன்னலோரத்தில் 48 நிமிடம், குழல் விளக்கின் கீழ் 8 மணி நேரம். பேருந்து நிறுத்தத்தில் நாம் நிற்கும் நேரமே போதும். ஒரு முறை முழுதும் நிரம்பிவிட்டால் இருட்டிலும் பல மாதங்கள் ஓடும்.

இனி உறுதி. இதில் பேர் பெற்றது கேசியோவின் ஜி-ஷாக். அதனை உருவாக்கிய பொறியாளர் கிக்குவோ இபே, தன் தந்தை தந்த கடிகாரம் கீழே விழுந்து உடைந்ததைக் கண்டு இவ்வேலையில் இறங்கினார். 1981 முதல் இரண்டு ஆண்டுகள், ஏறத்தாழ 200 மாதிரிகள். அவற்றை அலுவலகக் கழிவறையின் மூன்றாம் மாடிச் சன்னலிலிருந்து கீழே போட்டுப் பார்த்தாராம். பூங்காவில் ஒரு குழந்தை ரப்பர் பந்து விளையாடுவதைப் பார்த்தபோது, பந்தின் நடுவில் கடிகாரம் மிதந்தால் அடி அதனைச் சேராது என்று தோன்றியது. 1983-ல் வெளிவந்த அக்கடிகாரத்தின் உள்ளமைப்பு கூட்டைச் சில புள்ளிகளில் மட்டுமே தொட்டுக்கொண்டிருந்தது. 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் உடையாமை, 10 பார் நீரழுத்தம் தாங்கல், 10 ஆண்டு மின்கல ஆயுள் என்பவை அவர் வைத்துக்கொண்ட மூன்று இலக்குகள். தந்தை தந்த பொருள் உடைந்த துக்கம் இத்தனை தூரம் ஒரு மனிதரை ஓட்டியது என்பதை நினைக்கும்போது எனக்கு அந்த விளம்பரப் படங்களை விட இக்கதைதான் பிடித்திருக்கிறது.

ஆனால் எல்லோருக்கும் ஜி-ஷாக் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கடையில் நாம் பார்க்க வேண்டியவை சில. பின்மூடியில் 3 பார் அல்லது 30 மீட்டர் என்று இருந்தால் முப்பது மீட்டர் ஆழத்தில் நீந்தலாம் என்று பொருளன்று. அது அசையாத நீரின் அழுத்தத்தில் செய்த சோதனை. கை கழுவும்போது தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும், அவ்வளவே. கிணற்றில் குதிப்பவர்கள் 10 பாருக்குக் குறைந்து வாங்கக்கூடாது. தண்ணீருக்குள் பொத்தானை அழுத்துவதும் கூடாது. கண்ணாடி, சுற்றியுள்ள விளிம்பை விடச் சற்றே உள்வாங்கி இருக்கட்டும். சுவரில் உரசினால் விளிம்பு வாங்கிக்கொள்ளும். வெளிர் பின்னணியில் கறுப்பு எண்கள் உள்ள முகப்பே நல்லது. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எண்கள் கடை விளக்கில் கண்ணைப் பறிக்கும். மாலை ஐந்தே முக்கால் மணிக்கு வராந்தாவில் தேடத்தான் வேண்டும்.

வாரை யாரும் பார்ப்பதில்லை. கூடு இருபது ஆண்டு இருக்கும். பிசின் வார் நம் வியர்வையிலும் ஈரத்திலும் சில ஆண்டுகளில் விறைத்து வெடித்துவிடும். சில கடிகாரங்களின் வார் அதற்கென்றே தனி வடிவில் செய்யப்பட்டது. நம் ஊரில் தேடினால் கிடைக்காது. சாதாரண நேர்வார் பொருந்துமா என்று கேட்டுவிட்டுப் பிறகு விலையைக் கேளுங்கள். ஓடி முடித்ததும் குழாய்த் தண்ணீரில் உப்பைக் கழுவினால் வாரின் ஆயுளும் நீளும்.

சிலவற்றை ஒதுக்கவும் வேண்டும். வானொலி அலையால் தானே நேரத்தைத் திருத்திக்கொள்ளும் கடிகாரங்கள் விலை கூடுதல். அவை கேட்கும் நிலையங்கள் ஜப்பானில் இரண்டு. அமெரிக்கா, இங்கிலாந்து, ஜெர்மனி, சீனா ஆகிய நாடுகளில் ஒவ்வொன்று. அவற்றின் அலை தமிழ்நாட்டுக்கு எட்டாது. எட்டாத அலைக்குக் காசு கொடுப்பானேன்? கைப்பேசியோடு இணையும் வகையும் வேண்டாம். இணைக்கும் செயலி நின்றுபோனால் அப்பகுதி வெறும் பாரம்.

இங்கே ஒரு நண்பர் எதிர்வாதம் செய்தார். பத்து ஆண்டு பேட்டரி போட்ட, 10 பார் தாங்கும் கடிகாரம் பாதி விலைக்குக் கிடைக்கிறதே, அதுவும் பத்து ஆண்டு மூடி திறக்காததுதானே என்றார். வலுவான வாதம் என்று ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பத்து ஆண்டு என்பது, நாளைக்கு ஒரே ஒரு தடவை ஓரிரு நொடி விளக்கும், பத்து நொடி மணியோசையும் என்ற கணக்கில் போட்டது. இருட்டில் ஓடுபவன், இரவு முறைக் காவல் வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவன் எத்தனை தடவை விளக்கை அழுத்துவான்? அவனுக்கு ஒளிக்கடிகாரம். வகுப்பும் வீடும் என்றிருப்பவர்களுக்கு அந்தப் பாதி விலைக் கடிகாரமே போதும். மிச்சப் பணத்தில் பாடப் புத்தகம் வாங்கலாம்.

வாங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒளிக்கடிகாரத்தைப் பல நாள் இருட்டில் வைத்தால் சேமிப்புக்காகத் தன் முகப்பைத் தானே அணைத்துக்கொள்ளும் வகைகள் உண்டு. என் விடுதித் தோழன் விடுமுறை முடிந்து வந்து பெட்டியைத் திறந்தபோது முகப்பு வெறுமையாக இருந்தது. கடைக்குக் கொண்டுபோனான். 'செத்துவிட்டது தம்பி, புதுச் செல் போட வேண்டும்' என்றார் அங்கிருந்தவர். நல்ல வேளையாக அவரிடம் அந்த அளவுச் செல் இல்லை. சன்னலோரத்தில் வைத்தோம்; சற்று நேரத்தில் எண்கள் வந்துவிட்டன. மின்னேற்றும் செல்லின் இடத்தில் அதே அளவுள்ள சாதாரண லித்தியம் செல்லைப் போட்டுவிடுவது ஆபத்து. ஒளிமின்கலம் அதற்கும் மின்னேற்ற முயலும். செல் கசியும், உப்பும். என்றாவது செல்லை மாற்ற வேண்டி வந்தால் நிறுவனத்தின் சேவை நிலையத்துக்கே அனுப்புங்கள்.

இத்தனையும் ஜப்பானியப் பெயர்களாகவே வருவது எனக்கு உறுத்துகிறது. சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு 1961-ல் பெங்களூரில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கிய ஹெச்.எம்.டி.யின் கடிகாரப் பிரிவை மூட 2016-ல் மத்திய அரசு முடிவெடுத்தது. டைட்டன், டாடா குழுமமும் நம் மாநில அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் சேர்ந்து 1984-ல் தொடங்கியது, தொழிற்சாலை ஓசூரில். அந்நிறுவனம் 2011-ல் ஒளியால் இயங்கும் ஒரு வரிசையையும் கொண்டுவந்தது. ஆனால் அது மாணவன் எட்டும் விலையில் வரவில்லை. பிளாஸ்டிக் கூடு, 10 பார் காப்பு, ஒரு நிறுத்துக் கடிகாரம், ஒரு விளக்கு, எங்கும் கிடைக்கும் நேர்வார், சிறிய ஒளிமின்கலம். இவ்வளவுதான் நாம் கேட்பது. நம் மாநிலத்துப் பணமும் கலந்து பிறந்த தொழிற்சாலையிடம் இதைக் கேட்க நமக்கு உரிமை உண்டு. பொருளியல் துறை நண்பர்கள் விலைக் கணக்குப் போட்டுத் தருவார்களானால், மாணவர் மன்றத்தின் சார்பில் ஓசூருக்கு ஒரு கடிதம் எழுத நான் தயார்.