ஒரு நாள், ஒரு கோயில்

தை மாதத்துக் காலைப்பொழுது. சென்னையிலிருந்து பொன்னேரி வழியாக வந்த முதிய தம்பதியர் பழவேற்காட்டில் பேருந்தை விட்டு இறங்கினர்.

கணவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். யாத்திரை என்றால், விடியலில் சிறுவாபுரி முருகன், உச்சிக்குள் பொன்னேரி அகத்தீசுவரர், அந்தியில் மீஞ்சூர் என்று ஒரே நாளில் ஐந்து கோயில்களைச் சேவித்துத் திரும்புவது அவர் வழக்கம். இம்முறை மனைவி ஒரே ஒரு கோயிலைத்தான் கேட்டார். கண்ணழுத்த நோயால் அவருடைய பார்வை ஓரங்களிலிருந்து மெல்லச் சுருங்கி வந்தது. மருந்து நோயைத் தடுத்து நிறுத்தலாமே தவிர, போன பார்வையைத் திருப்பித் தராது என்று மருத்துவர் கூறியிருந்தார். “கண்ணில் ஒளி இருக்கும்போதே அந்தச் சின்ன இராமாயணத்தைச் சேவித்துவிட வேண்டும்” என்றார் அம்மையார்.

பழவேற்காட்டு ஆதிநாராயணப் பெருமாள் கோயில் விஜயநகரக் காலத்தது; செம்புராங்கல்லால் எழுந்தது. 1613-இல் ஒல்லாந்தர் இவ்வூரில் கட்டிய கெல்திரியா கோட்டை இன்று புதர் மண்டிக் கிடக்கிறது. சிதைந்திருந்த பெருமாள் கோயிலோ மீண்டும் சீரமைக்கப்பட்டது. அதன் மண்டபத்துக் கற்களில் இராமகாதை மிகச் சிறிய உருவங்களாகச் செதுக்கப்பட்டுள்ளது.

அம்மையார் அண்ணாந்து நோக்கினார். ஓரிரு உருவங்கள் தெரிந்தன. மற்றவை கல்லோடு கல்லாய்க் கரைந்துவிட்டன. அவர் ஒன்றும் சொல்லவில்லை. கடிகாரத்தின் பக்கம் போன கணவரின் கண் திரும்பி வந்தது. “இங்கே வில்லேந்தி ஒருவர் நிற்கிறார், எதிரே வானரங்கள்” என்று மெதுவாகச் சொன்னார். அம்மையார் கண்களை மூடிக்கொண்டு அந்தக் கட்டத்துக் கதையைக் கூறினார். கல்லைக் கண்டவருக்குக் கதை முழுதும் தெரியாது. கதை அறிந்தவருக்குக் கல் தெரியவில்லை. இருவருமாகச் சேர்ந்து சேவித்து முடிக்கையில் நடை சாத்தும் வேளை வந்துவிட்டது.

ஏரிக்கரை நிழலில் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்து உண்டனர். பின்னர் அருகிலுள்ள தோணிரேவுக்குச் சென்றனர். ‘ரேவு’ என்றால் தெலுங்கில் துறை. தோணிகள் அணையும் துறையே ஊராயிற்று. ஆடவர் ஏரியில் வலை வீச, பெண்கள் பனையோலையில் கூடை முடையும் ஊர் அது. முடைந்துகொண்டிருந்த ஒரு பெண்மணி, அவித்த பனங்கிழங்கை நார் உரித்து இருவருக்கும் கொடுத்தார். பேச்சினிடையே அவர் கையைப் பார்க்கவேயில்லை. ஓலை தானே மடிந்தது.

“பாராமலே எப்படியம்மா முடைகிறாய்?” என்று அம்மையார் கேட்டார்.

“பழகிட்டா கையே பாத்துக்கும்மா” என்றார் அவர்.

அம்மையார் ஒரு பூக்கூடையை வாங்கி, அதன் பின்னலை விரலால் நெடுநேரம் தடவிக்கொண்டிருந்தார்.

திரும்பும் பேருந்தில் கணவர் சட்டைப்பையிலிருந்து மாசி மாதத்துக்கான பட்டியலை எடுத்தார். அதில் ஐந்து கோயில்கள் இருந்தன. நான்கை அடித்துவிட்டு, மிஞ்சிய ஒன்றின் பெயரைப் படித்தார்.

“இதன் தலபுராணம் உனக்குத் தெரியுமா?” என்று மனைவியைக் கேட்டார்.