பெயரைக் கேட்டால் மரத்தின் ஊர் தெரியுமா?

கேள்வி: ஒரு மரம் மண்ணின் மரமா, வெளியிலிருந்து வந்ததா என்று பெயரை வைத்தே சொல்ல முடியுமா? வந்த மரம் என்றால் வெட்டிவிடத்தான் வேண்டுமா?
– வாசகர் ஒருவர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: பெயர் பாதி வழிதான் துணைக்கு வரும். சீமைக் கருவேலம் என்றதுமே அது வந்த மரம் என்று தெரிந்துவிடும். எல்லா மரமும் இப்படிப் பெயரிலேயே ஊரைச் சொல்வதில்லை. இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் கடலுக்குள் நீண்டிருக்கும் கார்ன்வால் பகுதி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

அங்குள்ள பழைய மொழி கார்னிஷ். 18-ஆம் நூற்றாண்டின் முடிவில் பேச்சு வழக்கிலிருந்து மறைந்து, 20-ஆம் நூற்றாண்டில் மீட்டெடுக்கப்பட்ட மொழி. அதில் ஓக் மரங்களுக்குப் பொதுவாக 'டெரோ' என்று பெயர். ஒற்றை மரம் 'டெரோவன்'. நாம் நெல், நெல்மணி என்பதுபோல. ஆஷ் மரம் 'ஒன்னன்', ஹோலி 'கெலினன்', எல்டர் 'ஸ்காவன்'. இவை எல்லாம் அந்த மண்ணின் மரங்கள். எல்டர் மரத்தடி வீடு என்ற பொருளில் 'போஸ்காவன்' என்று ஊர்ப்பெயரே இருக்கிறது. 'க்வெர்ன்' என்றால் ஆல்டர் மரங்கள். அவை வளரும் சதுப்பு நிலத்துக்கும் அதே பெயர்தான். எந்த நிலத்தில் எது வளரும் என்பது சொல்லிலேயே அடங்கிவிட்டது.

செஸ்ட்நட் மரத்தின் பெயர் 'கெஸ்டெனன்'. இது 'கஸ்டானியா' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. மரமும் தெற்கு ஐரோப்பாப் பக்கத்திலிருந்து வந்ததே. இங்கே பெயர் உண்மையைச் சொல்கிறது.

ஆப்பிளில்தான் பெயர் ஏமாற்றுகிறது. கார்னிஷ் மொழியில் ஆப்பிளுக்கு 'அவல்' என்று பெயர். மிகப் பழைய சொல். அங்கே புளிப்பான காட்டு ஆப்பிள் முன்பே உண்டு. ஆனால் தோட்டத்தில் வளர்க்கும் இனிப்பு ஆப்பிளின் மூதாதை, கஸகஸ்தான் பக்கத்து மலைகளைச் சேர்ந்தது. பின்னால் வந்த மரம், முன்பே இருந்த மரத்தின் பெயரை வாங்கிக்கொண்டது.

வெட்டலாமா என்ற கேள்விக்கும் ஒரே பதில் கிடையாது. சிக்கமோர் மரம் ஐரோப்பாவின் நடுப்பகுதியிலிருந்தும் தெற்கிலிருந்தும் வந்தது. உப்புக் காற்றைத் தாங்கும். அதனால் கார்ன்வால் பண்ணை வீடுகளுக்குக் காற்றுத் தடுப்பாக நிற்கிறது. அதை வெட்டினால் நட்டம் விவசாயிக்கே.

1763-இல் அழகுக்காக பிரிட்டனுக்குள் கொண்டுவந்த ரோடோடென்ட்ரான் செடியின் கதை வேறு. அது காட்டுக்குள் பரவி, அடியில் வேறெதையும் முளைக்க விடாமல் நிழல் மூடிவிட்டது. மரங்களைக் கொல்லும் 'ஃபைட்டோப்தோரா ரமோரம்' என்ற நோய்க்கிருமியும் அதன் இலையில் பெருகி அக்கம்பக்கத்து மரங்களுக்குத் தாவுகிறது. 2009-இல் தென்மேற்கு இங்கிலாந்தின் ஜப்பானிய லார்ச் தோப்புகளில் இந்த நோய் தெரிந்தது. பிறகு தோப்பு தோப்பாக வெட்ட வேண்டியதாயிற்று.

மண்ணின் மரமும் தப்பவில்லை. கிழக்கு ஆசியாவைச் சேர்ந்த ஒரு பூஞ்சணம் ஆஷ் மரங்களை நுனியிலிருந்து கருகச் செய்கிறது. பிரிட்டனில் இது 2012-இல் கண்டறியப்பட்டது. காற்றில் வந்தது பாதி என்றால், வெளிநாட்டிலிருந்து வாங்கி நட்ட கன்றுகளோடு வந்தது மீதி.

ஆகவே மரத்தின் பூர்வீகத்தைவிட அதன் நடத்தையைப் பாருங்கள். விதை தானே பரவி வரப்பு தாண்டுகிறதா? அடியில் புல் முளைக்கிறதா? ஆடு மாட்டுக்கோ வீட்டுக்கோ பயன் உண்டா? பரவாமல் பயன் தரும் மரம் எங்கிருந்து வந்தாலும் நிற்கட்டும்.

கன்று வாங்கும்போது அருகிலுள்ள நாற்றங்காலில், உள்ளூர் விதையில் வளர்த்ததை வாங்குங்கள். தூரத்திலிருந்து வந்த கன்றானால் இலையின் அடிப்புறத்தையும் வேரையும் பாருங்கள். சில வாரம் தனியாக வைத்து, நோய் இல்லை என்று தெரிந்த பிறகு தோட்டத்துக்குள் கொண்டுபோங்கள்.