விழிப்பு நம் பொறுப்பு

சவூதி அரேபியாவில் பணிபுரியும் அயல்நாட்டினரின் ‘இகாமா’ என்னும் வசிப்பு உரிமத்தைப் புதுப்பிப்பது வேலை அளிப்பவரின் கடமை. அவர் தவறினாலும், உரிமமின்றி நிற்பவர் தொழிலாளியே. நிலுவை ஊதியத்தைக் கேட்கவும் அவர் அஞ்சுவார். தாயின் இறுதிச் சடங்குக்கும் உடனே ஊர் திரும்ப இயலாது தவிப்பார். ஆகவே, ‘நிறுவனம் பார்த்துக்கொள்ளும்’ என்று வாளாவிருத்தல் தகாது. உரிமம் முடியும் நாளைத் தாமே குறித்து வைத்தல் வேண்டும். ஆவணங்களின் படிகளைக் குடும்பத்தாரிடமும் அளித்தல் வேண்டும். 1967ஆம் ஆண்டின் கடவுச்சீட்டுச் சட்டப்படி, இந்தியரின் கடவுச்சீட்டு நடுவண் அரசின் உடைமை. அதனை வாங்கி வைத்துக்கொள்ள முதலாளிக்கு உரிமை இல்லை. புதுப்பித்தல் தடைப்படின் இந்தியத் தூதரகத்தை நாடுதல் நன்று. கடமை தவறியவர் பிறராயினும் துன்புறுபவர் நாமே. ஆதலின் விழிப்பும் நம்முடையதாதல் வேண்டும்.