புல்தரைக்குத் தினமும் தண்ணீர் எதற்கு?

கத்திரி வெயிலில் கிணற்றையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்து நிற்கும் நமக்கு, நெய்வேலி டவுன்ஷிப்பில் சில வீட்டுப் புல்தரைகள் அன்றாடம் நனைவதைக் கண்டால் மனம் உறுத்தத்தான் செய்கிறது. அந்த வீடுகளில் நம் மகனோ மருமகனோ குடியிருக்கலாம். ஆகவே இது நம் வீட்டுப் பேச்சுந்தான்.

"சுரங்கத்துக்காக எப்படியும் இறைக்கிற தண்ணீர்தானே, ஊற்றினால் என்ன?" என்பார்கள். இறைப்பது உண்மை. 1961-இல் முதல் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்ட காலந்தொட்டு, நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்று நீரை இரவு பகலாக இறைத்து வருகிறார்கள். இறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரை பொத்துக்கொள்ளும். ஆனால் அந்த நீருக்கு வேலை இல்லாமல் இல்லை. மின் நிலையமும் டவுன்ஷிப்பும் எடுத்தது போக, சுரங்க நீர் வாலாஜா ஏரிக்கும் அதற்குக் கீழுள்ள வயல்களுக்கும் போகிறது. புல்லில் ஊற்றி வெயிலுக்குக் கொடுத்த நீர் எந்த ஏரிக்கும் போகாது.

கணக்கைப் பாருங்கள். நிமிடத்துக்கு 15 லிட்டர் வரும் ரப்பர் குழாயை அரை மணி நேரம் திறந்தால் 450 லிட்டர். பதினைந்து நாளில் 6,750 லிட்டர். ஆறு தென்னைகளுக்கு அதே பதினைந்து நாளும் தலைக்கு 60 லிட்டர் வீதம் சொட்டு நீர் விட 5,400 லிட்டரே போதும்.

புல்லுக்கோ அவ்வளவு தேவையே இல்லை. அருகு கோடையில் பழுத்துக் காய்ந்தாற்போல் தோன்றினாலும் சாவதில்லை. அதன் கிழங்கும் கணுவும் உயிரோடு உறங்கும். முதல் மழையில் தானே துளிர்க்கும். வரப்பில் அருகோடு போராடிய உழவனுக்கு இதைச் சொல்லவா வேண்டும்?

உயிரைக் காக்கப் பதினைந்து நாளைக்கு ஒரு முறை அரை அங்குல நீர் போதும். ஒரு சென்ட் புல்தரைக்கு அது சுமார் 500 லிட்டர். தரையில் தட்டையான தகர டப்பா ஒன்றை வைத்தால் அளவு தெரிந்துவிடும். சூரியன் ஏறுமுன் விட வேண்டும். தினமும் மேலாகத் தெளித்தால் வேர் மேலேயே நின்றுவிடும். விட்டு விட்டு ஆழ நனைத்தால் வேர் கீழிறங்கும். கோடையில் புல்லை ஒட்ட வெட்டலாகாது. இரண்டு அங்குலம் நின்றால் மண் சூடேறாது.

பச்சையாகவே இருக்க வேண்டும் என்போர், பாதிப் புல்லை எடுத்துவிட்டுக் கீரையும் கொத்தவரையும் போடட்டும். பாத்திரம் கழுவிய நீரே அவற்றுக்குப் பெரும்பாலும் போதும். விடும் நீருக்கு விளைச்சலாவது மிஞ்சும்.

அடுத்த முறை டவுன்ஷிப்புக்குப் பலாப்பழம் கொண்டு போகும்போது, இந்தச் சேதியையும் சொல்லிவிட்டு வாருங்கள். இரண்டு மாதம் புல் பழுத்திருந்தால் வீட்டுக்கு அழகு குறைந்துவிடாது. கடைமடையில் பயிர் பழுத்தால் ஒரு குடும்பத்தின் சோறு போகும்.