குழாயில் குடியேறும் பூஞ்சை

மருந்துக்குப் பூஞ்சை கட்டுப்படும் என்கிறது லேப் ரிப்போர்ட். நோயாளிக்கோ காய்ச்சல் விட்டபாடில்லை. ரிப்போர்ட் பொய்யல்ல. பூஞ்சை வளர்ந்த சூழல்தான் வேறு.

லேபில் கேண்டிடா பூஞ்சையை ஊட்டத் திரவத்தில் மிதக்கவிட்டு மருந்தைச் சோதிக்கிறார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் அது வேறு அவதாரம் எடுக்கிறது. ரத்தநாளத்தில் செருகிய பிளாஸ்டிக் குழாயில் ஒட்டி, ஓரிரு நாளில் இழைவிட்டு, பசையைச் சுரந்து அதற்குள் படலமாகக் குடியேறுகிறது. இதுதான் பயோஃபிலிம். மிதக்கும் செல்களை அடக்கும் ஃப்ளூகோனசோல் அளவைப் பல நூறு மடங்கு உயர்த்தினாலும் படலம் அசைவதில்லை. பசையில் உள்ள குளுக்கான் மருந்தை வழியிலேயே பிடித்து வைத்துக்கொள்கிறது.

திரவ ஓட்டம் இருந்தால் பசை கூடுகிறது என்று 1990களில் கிளாஸ்கோ பல்கலைக்கழக விஞ்ஞானிகள் கண்டார்கள். ஓட்டத்தில் வளர்ந்த படலம், அசைவற்ற திரவத்தில் வளர்ந்ததைவிட ஆம்ஃபோடெரிசின் மருந்தை அதிகம் எதிர்த்தது என்பது 2006இல் தெரிந்தது. ரத்தநாளத்தில் ஓட்டத்துக்கா பஞ்சம்?

செல் சுவரைத் தாக்கும் கேஸ்போஃபஞ்சின் படலத்திடமும் ஓரளவு செல்லுபடியாகிறது, விலைதான் அதிகம். எந்த மருந்தானாலும், முடிந்தவரை சீக்கிரம் குழாயை அகற்றுவதே முதல் வைத்தியம். எனவே ரவுண்ட்ஸ் வரும் டாக்டரிடம் உறவினர்கள் தயங்காமல் கேட்கலாம்: 'இந்தக் குழாய் இன்னும் தேவைதானா, டாக்டர்?'